அயல்நாட்டு உடைப் படங்கள்: அச்சான விதமும் விலைபோன விதமும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிற்கு ஆய்வின் பொருட்டு நாம் சென்றிருந்தபோது, நிர்வாகக் குழுவினர் ஒரு படத்தை நம்மிடம் காட்டினர். ஐரோப்பாவில் அச்சான பழைய படம் ஒன்றின் நகல் அது. பெண்ணொருத்தி இராட்டையின் முன் அமர்ந்து நூல் நூற்கிறாள். அவளுடைய சேலையின் கரை அரக்குச் சிவப்பில் அகன்று காணப்படுகிறது. அக்கரையை அப்படியே நெய்து, "இருநூறு ஆண்டுப் பழமையுள்ள கரை" என்று சீட்டு ஒட்டி விற்பனைக்கு அனுப்பலாம் என்பது குழுவினரின் யோசனை. சீட்டு அச்சிடவும் ஏற்பாடாகியிருந்தது.

அப்பொழுது மூத்த அங்கத்தினர் ஒருவர் படத்தைச் சிறிது நேரம் உற்று நோக்கினார். "ஐயா, இந்த அம்மாள் இடக்கையால் இராட்டையைச் சுற்றி, வலக்கையால் நூல் இழுக்கிறாளே! எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருவரும் இப்படி நூற்றதில்லையே!" என்றார். அருகிலிருந்தோர் சிரித்தனர். ஆயினும் அவர் கூறியது சிரித்து ஒதுக்கத்தக்கதன்று. படத்தில் கையே மாறியிருக்குமாயின், கரை மட்டும் மாறாமல் இருக்கிறதென்று எங்ஙனம் நம்புவது? நிறத்தை எங்ஙனம் நம்புவது?

இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், இத்தகைய படங்களை யார் வரைந்தனர், எவ்வாறு அச்சிட்டனர், யார் விலைகொடுத்து வாங்கினர் என்பவற்றை அறிதல் வேண்டும். துணியைப் போலவே படமும் ஒரு சரக்கு. பல கைகள் கூடி அதனைச் செய்தன. வாங்குவோரின் விருப்பம் அதன் உருவத்தை நிர்ணயித்தது. இம்மாதப் பாடம் அதனைப் பற்றியதாகும்.

1. உடை நூல்களின் தோற்றம்

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கடல் கடந்து பல தேசங்களுக்கும் சென்று வரலாயினர். வெளிநாட்டு மக்கள் எவ்வாறு உடுத்துகின்றனர் என்று அறியும் ஆவல், வீட்டை விட்டு அகலாதவர்களிடத்தும் பெருகிற்று. இந்த ஆவலைக் கண்ட அச்சகத்தார், பக்கத்திற்கு ஓர் உருவமாக உடைப் படங்களைத் தொகுத்து நூல்களாக வெளியிடத் தொடங்கினர்.

அவ்வகையில் முற்பட்டது 1562-இல் பாரிஸ் நகரில் வெளிவந்த பிரான்சுவா தெப்ரே என்பவரின் தொகுப்பாகும். 121 படங்கள், ஒவ்வொன்றின் கீழும் நான்கு அடிச் செய்யுள் என்பது அதன் அமைப்பு. அதில் பல நாட்டு ஆடவர் பெண்டிரோடு கடலில் வாழும் பாதிரியார் ஒருவரும், ஒற்றைக் கண் அரக்கனும், நிமிர்ந்து நிற்கும் குரங்கும் இடம்பெற்றிருக்கின்றனர். கண்டதும் கேட்டதும் கற்பித்ததும் ஒரே விலைக்கு ஒரே நூலில் விற்கப்பட்டன என்பதற்கு இஃது ஒன்றே போதிய சான்று.

1577-இல் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் ஹான்ஸ் வைகல் என்பவர், யோஸ்ட் அம்மான் என்னும் ஓவியரின் துணையுடன் மற்றொரு நூலை வெளியிட்டார். அதன் முகப்புப் படம் நெசவாளர்கள் அறியத்தக்கது. நான்கு கண்டங்களையும் குறிக்க நான்கு மனிதர்கள் நிற்கின்றனர். ஏனைய மூவரும் தத்தம் உடையுடன் நிற்க, ஐரோப்பியன் மட்டும் ஆடையின்றி, ஒரு துணிக்கட்டையும் கத்தரிக்கோலையும் ஏந்தி நிற்கிறான். நாளுக்கு நாள் உடையின் பாணியை மாற்றுபவனாதலால், அவனுக்கு இன்ன உடை என்று வரைய முடியவில்லை என்பது இதன் உட்கருத்து.

இவ்வகை நூல்களுள் பெரும் புகழ் பெற்றது, வெனிஸ் நகரில் 1590-இல் செசாரே வெச்செல்லியோ என்பவர் வெளியிட்ட நூலாகும். நானூற்றுக்கு மேற்பட்ட மரக்கட்டைப் படங்கள் அதில் உள்ளன. 1598-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அமெரிக்க மக்களின் உடைகளும் சேர்க்கப்பட்டன. வெச்செல்லியோ தம் ஊரான வெனிஸைப் பற்றி எழுதும் இடங்களில் துணியையும் அறிந்து எழுதுகிறார். அந்நகரில் சிறந்த பட்டு ஜரிகைத் துணிகளை உருவாக்கி விற்ற பார்த்தலோமேயோ பொன்தெம்பெலே என்ற வணிகரைப் பெயர் கூறிப் பாராட்டுகிறார். அவருடைய பட்டு, துருக்கியச் சுல்தானின் அரண்மனை வரையில் சென்றது. அருகில் உள்ள தறியை நேரில் கண்டு எழுதிய பகுதிகள் இவ்வாறு உயிருடன் இருக்கின்றன. தொலைதூர நாடுகளைப் பற்றிய பகுதிகளோ பிறருடைய நூல்களையும் படங்களையும் நம்பி எழுந்தவை. ஒரே நூலுக்குள் காணப்படும் இந்த வேற்றுமையை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

2. படம் உருவான முறை

ஒரு சேலை உருவாவதற்கு நூல் நூற்பவர், சாயம் தோய்ப்பவர், பாவு ஓடுபவர், நெய்பவர் எனப் பலர் வேண்டும். அச்சுப் படத்திற்கும் அவ்வாறே. 1568-இல் பிராங்க்பர்ட் நகரில் வெளிவந்த தொழில்களைப் பற்றிய படநூல் ஒன்றில், அதே யோஸ்ட் அம்மான், படம் வரைபவர், மரக்கட்டை செதுக்குபவர், அச்சடிப்பவர், வண்ணம் தீட்டுபவர், காகிதம் செய்பவர் ஆகிய ஒவ்வொருவரையும் தனித்தனித் தொழிலாளராகக் காட்டுகிறார். வரைந்தவரே செதுக்குவது அரிது. செதுக்கியவரே வண்ணம் இடுவதும் அரிது.

மரக்கட்டை முறையில், பேரிக்காய் மரம் போன்ற நெருங்கிய இழையுள்ள பலகையின்மேல் படத்தை வரைவர். கோடுகளை மட்டும் மேடாக விட்டு, எஞ்சிய இடத்தை எல்லாம் குடைந்தெடுப்பர். மேட்டில் மை தடவிக் காகிதத்தை அழுத்தினால் படம் பதியும். துணியில் அச்சடிப்போர் கையாளும் கட்டைக்கும் இதற்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. அச்செழுத்துக்களும் மேடானவை ஆதலால், படத்தையும் எழுத்தையும் ஒரே அழுத்தத்தில் அச்சிடலாம். செலவும் குறைவு.

செப்புத் தகட்டு முறை இதற்கு நேர்மாறானது. அதில் கோடு பள்ளமாக இருக்கும். கூரிய உளியால் தகட்டை நேரே கீறுவது ஒரு வகை. தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் மெழுகைக் கீறிப் பின் திராவகத்தால் அரிக்கச் செய்வது மற்றொரு வகை. பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை மேலே வைத்து, உருளைகளுக்கு இடையே பலமாக அழுத்தி எடுப்பர். இதற்குத் தனி யந்திரம் தேவை, செலவும் மிகுதி. ஆனால் மெல்லிய மஸ்லினின் மடிப்பையும் பட்டின் பளபளப்பையும் காட்டக்கூடிய நுண்ணிய கோடுகள் இம்முறையில் எளிதில் கிட்டின.

இவ்விரு முறைகளுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. கட்டையில் அல்லது தகட்டில் இருப்பது, காகிதத்தில் இடம் வலமாக மாறிப் பதியும். தேர்ந்த செதுக்காளர் இதனை அறிந்து, மூலத்தை முன்கூட்டியே திருப்பிச் செதுக்குவார். அவசரத்தில் நகல் எடுப்பவர் அச்சான படத்தையே பார்த்து அப்படியே செதுக்கிவிடுவார். அப்போது வலக்கை இடக்கையாகும். வலத்தோளில் இருந்த துணி இடத்தோளுக்குப் போகும். அங்கியின் மடிப்பும் எதிர்ப்புறமாகத் திரும்பும். மூத்த அங்கத்தினர் கண்ட இடக்கை இராட்டை பெரும்பாலும் இவ்வாறே பிறந்திருக்கும்.

3. நகலின் நகல்

இனி, ஒரு படம் எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்பதைப் பார்ப்போம். நிக்கொலா த நிக்கொலே என்ற பிரெஞ்சுக்காரர் 1551-இல் தம் நாட்டுத் தூதருடன் கான்ஸ்டாண்டினோபிள் நகருக்குச் சென்றார். அவருடைய பயண நூல் 1567-68-இல் லியோன் நகரில் 60 செப்புத்தகட்டுப் படங்களுடன் வெளிவந்தது. நேரில் கண்டவர் என்பதால் அவருடைய படங்களுக்கு மதிப்பு மிகுதி.

ஆயினும் சுல்தானின் அந்தப்புரப் பெண்களை அயலார் காண இயலாதன்றோ? அதற்கு அவர் கண்ட வழியைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். அரண்மனையோடு தொடர்புடைய ஒருவரின் உதவியால், கடைத்தெருவில் விலையுயர்ந்த உடைகளைப் பெற்று, அவற்றைப் பொதுமகளிர் இருவருக்கு அணிவித்து, அவர்களைப் பார்த்து வரைந்தாராம். உடை உண்மையானது, உடுத்தவர் வேறு. அவ்வுடையை அந்தப்புரத்தில் அவ்வாறே உடுத்தினரா என்பதற்குப் படத்தில் சான்று இல்லை.

அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1576-இல் ஆண்ட்வெர்ப் நகரிலும் 1585-இல் லண்டனிலும் வெளியான பதிப்புக்களில், செப்புத்தகட்டுப் படங்களைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்கிய நகல்கள் இடம்பெற்றன. வெச்செல்லியோவின் துருக்கிய உருவங்கள் பலவும் நிக்கொலேயின் படங்களிலிருந்து எழுந்தவையே. ஒவ்வொரு நகலிலும் துணியின் பூவேலை சிறிது எளிதாகும். மடிப்பு சிறிது குறையும். மரத்தில் செதுக்குவதற்குக் கடினமான கோடு எதுவோ, அதுவே முதலில் மறையும். அவ்வாறு மறைவது பெரும்பாலும் நெசவாளரின் வேலைப்பாடு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

4. வண்ணம் யாருடையது?

பழைய உடைப் படங்களில் காணும் வண்ணம் பெரும்பாலும் அச்சில் வந்ததன்று. கறுப்பு மையில் அச்சான தாளின்மேல் பின்னர்க் கையால் தீட்டியது. ஜெர்மன் நகரங்களில் இதற்கெனத் தொழிலாளர் வகுப்பு ஒன்று இருந்தது. வெட்டிய தாளைப் படத்தின்மேல் வைத்து, ஓட்டைகளின் வழியே தூரிகையால் வண்ணம் தடவி விரைவாக வேலை முடிப்பர். பிற்காலத்தில் மாதிரிப் படம் ஒன்றை முன்னே வைத்துக்கொண்டு வரிசையாக அமர்ந்து தீட்டினர். வண்ணமிடாத பிரதிக்கு ஒரு விலை, வண்ணமிட்டதற்கு அதிக விலை என விற்பதும் உண்டு. வாங்கியவர் தம் விருப்பப்படி பின்னர்த் தீட்டச் செய்ததும் உண்டு. ஆகவே ஒரே தகட்டில் அச்சான இரு பிரதிகளில், ஒன்றில் அங்கி பச்சையாகவும் மற்றொன்றில் நீலமாகவும் இருத்தல் கூடும்.

வண்ணப் பொருள்களும் காலத்தால் மாறுவன. அவுரி நீலம் வெயில் படின் வெளுக்கும். செப்புக் களிம்பிலிருந்து எடுத்த பச்சை நாளடைவில் பழுப்பாகிக் காகிதத்தையே அரிக்கும். ஈயத்திலிருந்து செய்த சிவப்பும் வெள்ளையும் கறுக்கும். பயிரிடும் அன்பர்களும் இதனைக் கவனிக்கலாம். அவுரி விளைந்த நிலத்தின் நீலமே துணியிலும் ஏறிற்று, துணியைக் காட்டும் படத்திலும் ஏறிற்று. ஆனால் படத்தில் அதனை ஏற்றிய தொழிலாளி அத்துணியைக் கண்டவரல்லர்.

5. வாங்கியவர் யார்?

இப்படங்களை வாங்கியோர் பல திறத்தினர். ஓவியர்கள் வரைவதற்கு மாதிரியாக வாங்கினர். இங்கிலாந்து அரசவை நாடகங்களுக்கு உடை அமைத்த இனிகோ ஜோன்ஸ், வெச்செல்லியோவின் நூலைப் பயன்படுத்தியவர். தேசப் படங்களின் ஓரங்களில் அந்தந்த நாட்டு ஆண் பெண் உருவங்களை அச்சிடுவது பதினேழாம் நூற்றாண்டில் வழக்கமாயிற்று. அவ்வுருவங்களும் உடை நூல்களிலிருந்தே எடுக்கப்பட்டன.

பதினெட்டாம் நூற்றாண்டில் செல்வர்களிடையே மாறுவேட விருந்து பெருவழக்கமாயிற்று. லண்டனில் தாமஸ் ஜெப்ரிஸ் 1757-இலும் 1772-இலுமாக நான்கு பாகங்களில், 480 படங்களுடன் பல நாட்டு உடைத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். முந்தைய நூல்களிலிருந்து எடுத்தவையும், ஆங்கில நாடக மேடையின் உடைகளும் அதில் ஒருசேர உள்ளன. துருக்கியராகவோ ரஷ்யராகவோ வேடம் புனைய விரும்பியவர் தம் தையற்காரருக்குக் காட்டுவதற்கு இத்தகைய நூல்கள் பயன்பட்டன. 1714-இல் பாரிஸில் வெளிவந்த, பிரெஞ்சுத் தூதர் பெரியோல் ஏற்பாடு செய்த நூறு துருக்கிய உடைப் படங்களும் ஓவியங்களுக்கும் பீங்கான் பொம்மைகளுக்கும் மாதிரியாயின.

இவ்வாறு, படம் துணிக்குச் சாட்சியாக இருந்த நிலை மாறி, படத்தைப் பார்த்துத் துணி தைக்கும் நிலை உண்டாயிற்று. வாங்குவோர் விரும்பியது வினோதமும் அழகும். உண்மை அவற்றிற்குப் பின்னரே.

6. சால்வின்ஸ் அடைந்த நஷ்டம்

நம் நாட்டைப் பற்றிய செய்தி ஒன்றும் இங்குக் கூறத்தக்கது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் பிறந்த பிரான்சுவா பால்தசார் சால்வின்ஸ் என்ற ஓவியர் 1791-இல் கல்கத்தாவுக்கு வந்தார். வங்காளத்து மக்களின் தொழில், உடை, வாத்தியம், வண்டி, படகு, திருவிழா ஆகியவற்றை வரைந்து, சந்தா சேர்த்து, 250 வண்ணப் படங்களாக 1796 முதல் 1799 வரையில் வெளியிட்டார். தாமே பார்த்து வரைந்து, தாமே தகட்டிலும் செதுக்கினார் என்பது அவருடைய சிறப்பு. இடையில் நிற்கும் கைகள் அத்தனையும் நீங்கின.

ஆயினும் நூல் விலைபோகவில்லை. அவருடைய உருவங்கள் நயமற்றவை, வண்ணம் மங்கலானது என்று ஐரோப்பிய ரசிகர்கள் கருதினர். 1804-1805-இல் லண்டனைச் சேர்ந்த எட்வர்டு ஓர்ம் என்ற வெளியீட்டாளர், சால்வின்ஸின் இசைவு இல்லாமலே அவற்றுள் அறுபதைத் தெரிந்தெடுத்து, உருவங்களை மெருகேற்றி, வண்ணங்களைப் பளிச்சென்று மாற்றி வெளியிட்டார். அழகு கூடியது, உண்மை குறைந்தது, விற்பனை நடந்தது. சால்வின்ஸ் மனந்தளராது, 1808 முதல் 1812 வரையில் பாரிஸ் நகரில் 288 படங்களுடன் நான்கு பெரும் பாகங்களை வெளியிட்டார். விலையோ மிகுதி, ஐரோப்பாவிலோ போர்க்காலம். அம்முயற்சியும் நஷ்டத்திலேயே முடிந்தது. பிற்காலத்தில் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் உத்தியோகம் பெற்று வாழ்ந்து, 1824-இல் காலமானார். இன்று வங்காளத்து வாழ்க்கையை ஆராய்வோர் முதலில் தேடுவது, அன்று விலைபோகாத அவருடைய படங்களையே.

உழைத்தவருக்கு நஷ்டம், நகல் எடுத்தவருக்கு ஆதாயம் என்னும் இக்கதை நம் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. சால்வின்ஸின் பெயராவது நிலைத்தது. அவர் முன் நின்ற தொழிலாளிகளின் பெயர் ஒன்றும் அதில் இல்லை. சாதியின் பெயரும் தொழிலின் பெயருமே உண்டு. தஞ்சைச் சித்திரக்காரர்கள் ஏறக்குறைய அதே காலத்தில் கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்காக, கணவனும் மனைவியுமாகத் தொழிற்கருவிகளுடன் நிற்கும் உருவங்களைக் கையால் வரைந்து தொகுதிகளாக விற்றனர். அவற்றிலும் நிலைமை இதுவே. இதற்கு விலக்கும் உண்டு. 1800-இல் லண்டனில் வெளிவந்த சீன உடைப் படங்கள் அறுபதிலும், மூலத்தை வரைந்த கான்டன் நகரத்துச் சித்திரக்காரர் பூ குவா என்பவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.

7. நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

பழைய படங்கள் பயனற்றவை என்பது நம் கருத்தன்று. அவற்றைச் சாட்சியாக ஏற்குமுன் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்பதே கருத்து. மூலத்தை வரைந்தவர் நேரில் கண்டவரா? நம் கையிலிருப்பது எத்தனையாவது நகல்? கை, தோள், மடிப்பு இடம் மாறியுள்ளனவா? வண்ணம் எங்கே, யாரால் இடப்பட்டது? யாருக்கு விற்பதற்காகச் செய்யப்பட்டது? இவ்வைந்தும் கேட்ட பின்னரே 'பழமையான கரை' என்று சீட்டில் எழுதலாம். பொய்ச் சீட்டு ஒன்று வெளிப்பட்டால், அதன் பின்னர் மெய்ச் சீட்டையும் எவரும் நம்பார்.

சட்ட நிலையையும் அறிதல் நலம். 1999-இல் இயற்றப்பெற்று 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் காஞ்சிபுரம் பட்டும் விருப்பாட்சி மலைவாழையும் பதிவு பெற்றிருக்கின்றன. இப்பதிவுக்கு விண்ணப்பிப்போர், பொருள் அவ்விடத்திற்கே உரியது என்பதற்கு வரலாற்றுச் சான்று காட்ட வேண்டும். புதிய வடிவத்திற்கு 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு உண்டு. ஆனால் ஏற்கெனவே வெளியான வடிவத்தை அதில் பதிவு செய்ய இயலாது. ஆகவே பழையதற்குப் பழமையின் சான்றும், புதியதற்குப் புதுமையின் சான்றும் வேண்டும். இரண்டும் சங்கத்தின் பதிவேட்டிலிருந்தே வர வேண்டும்.

ஆதலின் ஒவ்வொரு சங்கமும் மாதிரிப் பதிவேடு ஒன்று வைத்தல் வேண்டும். நெய்த துணியின் ஒரு சிறு துண்டு, கட்டத்தாளில் கரையின் வரைவு, பாவிலும் ஊடையிலும் இட்ட நூலின் எண், சாயத்தின் விவரம், நெய்தவர் பெயர், தேதி ஆகிய ஆறும் அதில் இடம்பெற வேண்டும். விளைபொருள் சங்கங்கள் விதையின் மூலம், நிலம், விளைந்த பருவம் ஆகியவற்றைக் குறிக்கலாம்.

முதலிற் கூறிய சங்கத்தில் நடந்ததைச் சொல்லி முடிப்போம். கரை அழகாயிருந்தமையால், அதனைப் புதிய கரையாகவே நெய்வதென்றும், சீட்டில் பழமை பற்றிய வாசகத்தை நீக்குவதென்றும் குழுவினர் தீர்மானித்தனர். இராட்டையைப் பற்றிக் கேட்ட மூத்த அங்கத்தினர் மறுநாள் தம் அன்னையாரின் சேலை ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் கரையை இழை இழையாக எண்ணிக் கட்டத்தாளில் ஏற்றினர். நெய்தவர் இன்னார் என்பது அவருக்கு நினைவிருந்தது. அப்பெயரே அச்சங்கத்தின் மாதிரிப் பதிவேட்டில் முதல் வரியாக எழுதப்பெற்றது.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. அச்சுப் படத்தில் இடமும் வலமும் மாறுவதற்குக் காரணம் என்ன? உங்கள் தொழிலில் எந்தச் செயலைக் கொண்டு இதனைக் கண்டுபிடிக்கலாம்?

2. பழைய படத்தின் வண்ணத்தைப் பார்த்துச் சாயம் தேர்ந்தெடுப்பதில் உள்ள பிழைகள் யாவை?

3. சால்வின்ஸின் மூலப் படங்கள் விலைபோகாமல், நகல்கள் விலைபோனது ஏன்? நம் ரகங்களுக்கு இந்நிலை நேராமல் சங்கம் என்ன செய்யலாம்?

4. உங்கள் சங்கத்தின் மிகப் பழைய ரகம் எது? அதை நெய்தவர் பெயர் எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா?